அடைத்த காதோடு குற்றாலத்துக்கு

கொழும்பில் காதுக்குக் 'கண' என்று பெயர். இங்கே ஆஸ்பத்திரியில் மருத்துவச்சியாகச் சேர்ந்த முதல் வாரம், பிரசவ வார்டில் ஒரு சிங்களப் பெண் "கண ரிதெனவா, மிஸ்ஸி" என்று முனகினாள். கண்தான் வலிக்கிறது போலும் என்று ஓடிப்போய்ச் சொட்டு மருந்தை எடுத்து வந்து அவள் இமையை விரித்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டுக் காதைப் பிடித்துக் காட்டினாள். வார்டே சிரித்தது. ஊரில் இருக்கிறவர்களும் இதைப் படித்தால் சிரிப்பார்கள். ஆனால் என் காதுகள் எனக்கு எவ்வளவு வேண்டியவை என்பது அதற்கு நாலு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

உலக யுத்தம் முடிந்து ஆகாய விமானங்கள் ஆட்களை ஏற்றத் தொடங்கியிருந்த காலம் அது. குற்றாலத்திலிருந்து என் தங்கை கிரேஸின் கணவர் தேவசகாயம் தந்தி அடித்திருந்தார், உடனே வரவும் என்று. அதற்கு முன் அவளுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே இறந்து பிறந்திருந்தன. இது மூன்றாவது, ஒன்பதாம் மாதம். கப்பலும் ரயிலுமாகப் போய்ச் சேரப் பொறுமையில்லாமல் திருச்சிக்கு விமானத்தில் இடம் வாங்கினேன். எனக்கு அப்போது நல்ல ஜலதோஷம். கிளம்பும்போது ஒரு பறங்கிப் பையன் தட்டில் பஞ்சும் பெப்பர்மின்ட்டும் கொண்டுவந்து நீட்டி, இங்கிலீஷில் வேகமாக என்னமோ சொன்னான். உபசாரம் என்று நினைத்துத் 'தேங்க் யூ' சொல்லி, பெப்பர்மின்ட்டைத் தங்கைக்கென்று பையில் போட்டுக்கொண்டேன். இறங்கும்போது சப்பிக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறான். நானோ அசதியில் தூங்கிப்போனேன். இரண்டு காதுக்குள்ளும் ஆணி இறங்குவது போன்ற வலியில் விழித்தபோது சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது. பிறகு வலி குறைந்தது, ஆனால் உலகமே ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

மறுநாள் காலையில் தென்காசியில் ரயிலை விட்டிறங்கிக் குதிரை வண்டி பிடித்தேன். சாரல் முகத்தில் அடித்தது. வண்டிக்காரர் திரும்பித் திரும்பி ஏதோ கேட்டார்; நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். அவர் வேறு தெருவில் கொண்டுபோய் நிறுத்தியபோதுதான், எதற்கோ ஆமாம் சொல்லியிருக்கிறேன் என்று புரிந்தது.

கிரேஸ் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நான் குனிந்து அவள் வாயருகே காதை வைத்தேன்.

"நேத்து ராத்திரியில இருந்து அசையவே இல்லக்கா," என்றாள்.

வயிற்றில் கையை வைத்துப் பார்த்தேன், அசைவு தெரியவில்லை. குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் மரக்குழலை எடுத்து அகன்ற வாயை வயிற்றில் ஊன்றி, மறுமுனையில் காதைப் பதித்தேன். ஒன்றுமில்லை. மற்றக் காதை வைத்தேன். என் சொந்த நாடித்துடிப்புதான் தலைக்குள் அடித்தது. ஆயிரம் வயிற்றில் குழல் வைத்தவள் நான். குழந்தையின் துடிப்பு இல்லையா, என் காதுதான் கேட்கவில்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. கிரேஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழலை எடுத்து, "காது அடைச்சிருக்குட்டி, அதான் கேக்கல," என்றேன். அவள் நம்பவில்லை. சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

தேவசகாயம் டாக்டரைத் தேடித் தென்காசிக்குப் போய்த் திரும்பினார். டாக்டர் வாசுதேவநல்லூருக்குப் போயிருக்கிறாராம், சாயங்காலம்தான் வருவாராம். தேவசகாயத்தின் அம்மா பூண்டு போட்ட எண்ணெயைக் காய்ச்சிக்கொண்டு வந்து என் காதில் விட நின்றார்கள். அடைப்பு காதுத் துவாரத்தில் இல்லை, சவ்வுக்கு உள்ளே என்று சொல்லி நான் மறுத்ததில் அவர்களுக்கு வருத்தம்.

தேவசகாயம் புளியங்குடியிலிருந்து எலுமிச்சம்பழ மூட்டை ஏற்றி மலை தாண்டிக் கொல்லத்துக்கு லாரி ஓட்டுகிறவர். என் காதருகே வந்து சத்தமாகக் கேட்டார்.

"மயினி, எறங்கும்போது அடைச்சுதா, ஏறும்போதா?"

"எறங்கும்போது."

"அப்பம் மேல ஏறினா விடும். சளி பிடிச்சிருந்தா எனக்கும் மலையில இப்படித்தான் ஆவுது. லாரியில ஏறுங்க, புளியறை தாண்டிப் போய்ட்டு வந்துருவோம்."

தங்கையை இப்படி விட்டுப் போகவா என்று தயங்கினேன். உள்ளே இருந்து என்ன பிரயோஜனம், செவிடாக உட்கார்ந்திருப்பதற்கா என்றும் தோன்றியது. ஏறினேன்.

புளியறை தாண்டி வளைவுகள் தொடங்கின. வழியெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தபடி மூக்கைப் பொத்திக்கொண்டு எச்சிலை விழுங்கினேன். வாய் வறண்டபோது தண்ணீரை ஒவ்வொரு மடக்காகக் குடித்தேன். முதல் வளைவிலும் ஒன்றுமில்லை, இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே இடது காதுக்குள் சின்னதாக 'டிக்' என்றது. அவ்வளவுதான். எஞ்சின் சத்தம் திடுமென என்மேல் விழுந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"மாப்பிள, கேக்குது," என்றேன்.

அவர் லாரியைத் திருப்பினார். "எறங்கும்போதும் விழுங்கிக்கிட்டே வாங்க. இல்லன்னா திரும்ப அடைச்சுரும்." மெதுவாகத்தான் ஓட்டினார். எனக்குக் காது திறந்துவிட்டது, இனி குழலில் கேட்பதையோ கேட்காததையோ சொல்லியாக வேண்டுமே.

வீட்டுக்குள் போனதும் எல்லாரையும் வாசலுக்கு அனுப்பிவிட்டு, குழலை ஊன்றி இடது காதை வைத்தேன். கிரேஸ் ஏதோ கேட்க வாயெடுத்தாள். "டிக்கக் இன்ன," என்றேன்.

"என்னக்கா சொல்லுத?"

கொஞ்சம் இரு என்பதைத்தான் சிங்களத்தில் சொல்லியிருக்கிறேன். பதில் சொல்ல நேரமில்லை. குழலின் அடியில், தூரத்தில், மெத்தைக்குள் வைத்த கைக்கடிகாரம் போல, வேகமாக, தவறாமல் துடித்தது. நூறு வரை எண்ணிவிட்டுத்தான் நிமிர்ந்தேன். "இருக்காட்டி. நல்லா இருக்கா," என்றேன். பெண்ணா பையனா என்று எனக்கென்ன தெரியும், வாயில் அப்படி வந்தது. கிரேஸ் அழுதாள். வாசலில் அவள் மாமியாரும் அழுதார்கள்.

நான்காம் நாள் குழந்தை பிறந்தது, பெண்தான். தென்காசி டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் குறை ஒன்றுமில்லை என்றார். எனக்கு வலது காதும் அதற்குள் தானாகவே விட்டிருந்தது. ஜலதோஷம் முற்றிலும் போனபிறகே கொழும்புக்கு விமானம் ஏறினேன். தூங்கவில்லை, இறங்கி முடிகிறவரை வாயில் மிட்டாயைப் போட்டு விழுங்கிக்கொண்டே இருந்தேன். காதில் ஒரு சின்ன உறுத்தல்கூட இல்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று காலி நகரத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள், தலைப்பிள்ளை. குழலை ஊன்றிக் குனிந்தேன். அவள் பயந்துபோய் என்னவோ கேட்க ஆரம்பித்தாள். "செத்த பொறுட்டி," என்று என் வாயிலிருந்து வந்தது. அவளுக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. ஆனாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நான் தலை நிமிரும்வரை அசையாமல் படுத்திருந்தாள்.