வெள்ளை வேனுக்குப் பச்சைக் கதவு

வேன் ஓட்டுறவனுக்கு ஹைவேல வர்ற ஆபத்தைவிட சொந்த ஊட்டு வாசல்ல வர்றதுதான் அதிகம். டிரைவர் அண்ணன்மாரே, நீங்க தலையாட்டுறது எனக்குத் தெரியுது.

ரிவர்ஸ்

கவரைப்பேட்டை ஸ்டேஷன்ல இறங்குற பொண்ணுங்களைக் கும்மிடிப்பூண்டி கம்பெனியில கொண்டுபோய் விடுறது அப்போ என் பொழப்பு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஊட்டு வாசல்ல கதவைத் திறந்து வெச்சுக்கினு, தலையை வெளியே நீட்டி ரிவர்ஸ் எடுத்தேன். நாம எல்லாரும் செய்யுற திமிருதானே! கேட்டுத் தூண் என் கதவை முன்பக்கமா மடக்கிப் போட்டுடுச்சு.

கம்பெனி சூப்பர்வைசருக்கு போன் போட்டேன். அவர் கத்தக்கூட இல்லை.

"திங்கக்கிழமை கதவோட வந்தா டிரிப்பு உனக்கு. இல்லன்னா வேற வேன் வெச்சுக்கிறோம்."

நெல்லு மூட்டை

ஞாயித்துக்கிழமை எந்த மெக்கானிக்கும் வரலை. பழைய வண்டி உடைக்கிற இடத்துல அதே மாடல் கதவு ஒண்ணு கிடைச்சுது, ஆனா பச்சை. என் வேனோ வெள்ளை. கலரையா பார்க்க முடியும்? நானே மாட்டத் துணிஞ்சேன்.

கதவு என்னா கனம்! அடியில நெல்லு மூட்டையைப் போட்டு, மேல கதவை நிறுத்தி, என் சம்சாரம் மல்லிகாவைப் புடிச்சுக்கச் சொன்னேன். போல்ட்டு ஓட்டைக்கு நேரா வருவேனாங்குது. அரை மணி நேரம் ஆச்சு.

"கல்யாணத்தன்னிக்குக்கூட உன் கைய இம்மா நேரம் புடிக்கலய்யா!"

ஜாக்கி

வசதியா இருக்கட்டும்னு முன்பக்கத்தை ஜாக்கியில தூக்கி வெச்சிருந்தேன். மாட்டி முடிச்சதும் கதவு டப்புன்னு சாத்திக்கிச்சு. எனக்கு ஒரே பெருமை. ஜாக்கியை இறக்கிட்டு மறுபடி சாத்தினேன், கதவு பாதியிலயே முட்டி நின்னுது. பழைய வண்டியைத் தூக்கினா பாடி கொஞ்சம் முறுக்கிக்கும்னு இந்த மரமண்டைக்குத் தோணலை. மறுபடியும் கழட்ட ஸ்பேனரை எடுத்தேன். மல்லிகா இடுப்புல கை வெச்சுக்கினு நின்னா.

"ஒண்ணியும் கழட்டாத. ஜாக்கி மேலயே வெச்சு ஓட்டிக்கினு போ!"

கம்பெனி கேட்டு

வேனைத் தரையில நிக்க வெச்சே மறுபடி மாட்டினேன். பொழுது சாயறதுக்குள்ள கதவு ஒழுங்கா உட்கார்ந்துடுச்சு. திங்கக்கிழமை காலையில சூப்பர்வைசர் நாலு தடவை திறந்து சாத்திப் பார்த்தார். குறை ஒண்ணும் கிடைக்கலை. "ஆனா இன்னாய்யா பச்சை? வாசல்ல அசிங்கமா நிக்குது. வேற வேன் பார்த்துக்கலாம்"னார்.

எட்டு வருஷமா ஓட்டுற டிரிப்பு சார்னு கெஞ்சினேன். அப்போ பேக்கிங் செக்‌ஷன் கஸ்தூரி, என் வேன்லேர்ந்து இறங்கி உள்ளே போனவ, திரும்பி வந்தா.

"சார், ஸ்டேஷன்ல பத்து வேன் வெள்ளையா நிக்குது. தெனம் தப்பு வேன்ல ஏறி எறங்கிக்கினு இருந்தேன். இன்னிக்குத்தான் நேரா வந்தேன். வுட்டுடு சார், இருக்கட்டும்."

சூப்பர்வைசர் சிரிச்சுட்டார். டிரிப்பு தப்பிச்சுது. அந்த வேன் என்கிட்ட இருந்த வரைக்கும் நான் பெயின்ட் அடிக்கவேயில்லை. அன்னையிலேர்ந்து அத்தனை பொண்ணுங்களுக்கும் நான் 'பச்சைக் கதவு அண்ணா'. அதைக் கேட்க இன்னைக்கும் ஏக்கமாத்தான் இருக்கு.

இப்போ ஓட்டுற புது வண்டிக்கு எல்லாக் கதவும் ஒரே கலரு, எனக்குத்தான் பேரில்லாமப் போச்சு.