மாமாவின் வாயில் நுழையாத எழுத்து

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் ‘கத்திரி’தான். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பது தொழில். மாப்பிள்ளையின் கொட்டாவியையும் சித்தப்பாவின் சண்டையையும் தூக்கிவிட்டு, சம்பந்தப்பட்ட குடும்பமே நம்பாத அளவுக்கு அழகாக ஒரு கல்யாணத்தைக் கையில் கொடுத்துவிடுவாள். இத்தனை வருடமும் அடுத்தவர் எடுத்ததை வெட்டியவளுக்கு, தானே ஒரு படம் எடுத்து ‘இயக்கம்’ என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டுவிட வேண்டும் என்று ஆசை. அதில் என்ன தப்பு?

குறும்படப் போட்டி ஒன்று வந்தது. ஒரு நாள் காலையில் போனில் ஒரு வசனம் சொல்வார்கள். அட்சரம் பிசகாமல் அது படத்தில் ஒலிக்க வேண்டும். மறுநாள் மாலை ஆறு மணிக்குள் படத்தை நேரில் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். எது பிசகினாலும் படத்தைப் போட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். தன் போன் ரிப்பேரில் கிடந்ததால், கத்திரி அக்கா வீட்டுக்காரரின் நம்பரைக் கொடுத்திருந்தாள்.

மாமா மெத்தைக் கடை வைத்திருக்கிறவர். தங்கமான மனிதர். ஆனால் அவர் நாக்குக்கும் ‘ழ’வுக்கும் ஜென்மப் பகை. பள்ளிக்கூடத்தில் பட்ட கேலியே போதும் என்று, அந்த எழுத்து வரும் சொற்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு வாழப் பழகியிருந்தார். குழந்தை என்று சொல்ல மாட்டார், பாப்பா என்பார். வழி கேட்க மாட்டார், ‘ரூட்டு’ கேட்பார். போட்டிக்காரர்கள் சொன்ன வசனத்தை மட்டும் அப்படி மாற்ற முடியாதே. போனை வைத்த கையோடு ஓடி வந்து ஒப்பித்தார்.

“வலி தெரியலை. அவ்வளவுதான்மா வசனம்.”

கத்திரிக்கு அந்த நிமிடமே கதை பிடிபட்டுவிட்டது. வலி என்றால் பல் டாக்டர். எதிர்வீட்டில்தான் பல் ஆஸ்பத்திரி, டாக்டரம்மா இவளுடைய பள்ளித் தோழி. வாய் கிழிய வீராப்புப் பேசும் ஆசாமி, ஊசியைக் கண்டதும் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அலறுகிறான்; ஊசி போட்டதும் கோணிய வாயோடு “வலி தெரியலை” என்கிறான். ஆசாமியாக மாமா. அன்றைக்கே எடுத்து, மறுநாள் மத்தியானத்துக்குள் வெட்டி முடித்தாள். பார்த்துவிட்டு அக்காகூட விழுந்து விழுந்து சிரித்தாள். புருஷனைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்து வெகு காலம் ஆகியிருந்தது.

அப்போதுதான் மாமா போனை நீட்டினார். “இந்தாம்மா, ஞாபகப்படுத்தி மெசேஜ் அனுப்பியிருக்காங்க.”

‘வழி தெரியலை.’

கத்திரி மறுபடியும் படித்தாள். “மாமா, இது வழி!”

“ஆமா. நானும் அதைத்தானே சொன்னேன்? வலி!”

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மாமாவின் முகம் சுண்டிப்போனது. “வேற யாரையாவது பேச வச்சு என் வாயில ஒட்டிடும்மா. என்னால உன் படம் கெட வேண்டாம். நான் கடைக்குப் போறேன்.”

கத்திரிக்கும் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? ஆனால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற ரகம் இல்லை அவள். வேறு குரலைப் போட்டுப் பார்த்தாள். இரவல் சட்டை மாதிரி அது மாமாவின் முகத்தில் தொளதொளத்தது. கோணிய அந்த வாயைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். ஊசி போட்ட வாய். மரத்துப்போன நாக்கு. அந்த நாக்கில் ‘ழ’ எந்த ஊரில் வரும்?

“மாமா, கடைக்கு அப்புறம் போகலாம். நேத்துப் போட்ட சட்டையைப் போட்டுட்டு வாங்க.”

“துவைச்சுப் போட்டேன்டி, ஈரமா இருக்கு” என்றாள் அக்கா.

“இருக்கட்டும். பயத்துல வேர்த்த மாதிரி இருக்கும்.”

டாக்டரம்மா இரண்டு நோயாளிகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் கொடுத்தாள். ஊசி போட்டுக்கொண்ட ஆசாமி கிளம்புகிறான். ஒரு கதவைத் திறக்கிறான், மருந்து அலமாரி. இன்னொன்றைத் திறக்கிறான், கழிப்பறை. அசடு வழியத் திரும்பி வந்து, “வலி தெரியலை” என்கிறான்.

“எப்படித் தெரியும்? அதுக்குத்தானே ஊசி போட்டிருக்கு” என்கிறாள் டாக்டர்.

“அதில்ல. வலி! வலி!” என்று கதவுகளைக் காட்டுகிறான்.

“அட, ‘வழி தெரியலை’ன்னு சொல்லுங்க!”

வெளியே காத்திருந்த ஒருவர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தது மைக்கில் விழுந்துவிட்டது. அந்தச் சிரிப்பைக் கத்திரி வெட்டவில்லை.

வெட்டி முடித்து, மாமாவின் மெத்தை வண்டியில் போட்டிக்காரர்களின் கட்டடத்தில் போய் இறங்கியபோது, ஆறாக இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. உள்ளே எங்கு பார்த்தாலும் கதவுகள். வாசலில் காவலாளியோடு நாலைந்து பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். கத்திரி வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

“தம்பி, படம் குடுக்கிற இடத்துக்கு வலி எது?”

“வலியா?” காவலாளி சிரித்துவிட்டார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள்.

மாமாவும் சிரித்தார். “வலிதான். எனக்கு அந்த எழுத்து வராது. சீக்கிரம் சொல்லுங்க, நேரமாகுது.”

கத்திரி மாமாவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். நின்று பார்க்க நேரமில்லை. காவலாளி கை காட்டிய கதவை நோக்கி ஓடினாள்.

மேசையில் இருந்தவர் பென்டிரைவை வாங்கிக்கொண்டு, “யாரோட படம்?” என்று கேட்டார்.

“என்னோடது” என்றாள் கத்திரி.

“நாங்க குடுத்த வசனம் வருதா?”

பின்னாலேயே ஓடி வந்த மாமா, மூச்சு வாங்கியபடி பதில் சொன்னார்.

“வருதுங்க. உங்க வாயில வர்ற மாதிரியும் வருது, என் வாயில வர்ற மாதிரியும் வருது.”