தக்காளியில் விழுந்த மோட்டார் கேள்வி

கேள்விக்குப் பதில் சொல்றதுகூடச் சுலபம், அந்தக் கேள்வியை எதுக்குக் கீழ போடணும்னு புரிய வைக்கிறதுதான் உயிரை வாங்குற வேலை. வாட்ஸப் குரூப்புக்கு அட்மினா இருந்து நொந்துபோன புண்ணியவான்களே, இந்தக் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரியாணிக் கடை மாடியில எங்க ஆபீஸ். விவசாயிங்க கேள்வி கேக்குற ஆப் ஒண்ணு நடத்துறோம். பம்புசெட்டு, சொட்டுநீர், மருந்தடிக்கிற மெஷின், பயிருன்னு எதைப் பத்தியும் எழுதலாம். எழுதிட்டுக் கீழ ஒரு டேக் தொடணும்: மோட்டார், ஸ்பிரேயர், தக்காளி, இப்படி. எந்த டேக்கோ, அதுக்குப் பதில் சொல்ற ஆளோட போனுக்குத்தான் கேள்வி போகும். தப்பாத் தொட்டா சம்பந்தமில்லாத ஆள்கிட்டப் போயி ஊறிக்கிட்டுக் கிடக்கும். அதைத் தேடித் தேடி மாத்தத்தான் எனக்குச் சம்பளம். இதுல மத்தியானம் கீழயிருந்து வர்ற தாளிப்பு வாசம் வேற, மனுசியை வேலை பாக்க விடாது.

ஒருத்தரையும் விடக்கூடாது

குஜிலியம்பாறைப் பக்கம் ஒருத்தருக்கு ஸ்பிரேயர்ல மருந்து பீச்சுற நாசில் அடைச்சுக்குச்சு. ஸ்பிரேயர்னு ஒரு டேக் இருக்கு, கண்ணுக்கு முன்னால இருக்கு. அவரு என்ன பண்ணாரு? இருக்கிற டேக் அத்தனையையும் தொட்டு வச்சிட்டாரு. பால் கறக்குற மெஷின், சோலார் வேலி, கோழிக்குஞ்சு பொரிக்கிற மெஷின், எதையும் விடலை. ஒட்டன்சத்திரத்துலயிருந்து கோழி மெஷின்காரர் எனக்குப் போன் போட்டு, "ஏனுங்க, நம்ம மெஷின்ல நாசிலே கிடையாதுங்களே"ன்னு பாவமாக் கேக்குறாரு.

கேட்டவருக்குப் போன் போட்டேன். ஏண்ணே, ஒண்ணைத் தொட்டாப் போதாதான்னேன். அவரு என்னை ஏதோ நல்லது கெட்டது தெரியாத பிள்ளையப் பாக்குற மாதிரி, நிதானமாச் சொன்னாரு: "பத்திரிகை வைக்கப் போனா தெருவுல ஒரு வீட்டை மட்டும் விட்டுட்டா வருவோம்? அவங்க மனசு சங்கடப்படாதாம்மா?"

அவசரம்

எங்க முதலாளி ரபீக் பாய் தோல் வியாபாரத்துலயிருந்து இந்தப் பக்கம் வந்தவரு. நல்ல மனுசன், ஆனா அப்பப்ப யோசனை வந்துரும். "அவசரம்னு ஒரு டேக் வைப்போம்மா, நிஜமாவே தவிக்கிறவங்க சட்டுன்னு கண்ணுல படுவாங்க"ன்னாரு. வச்சோம். அன்னிக்குச் சாயங்காலமே வந்த கேள்வியெல்லாம் அவசரம். அடுத்த வருசம் டிராக்டர் வாங்கலாமா வேணாமான்னு கேட்டவர்கூட அவசரம். யாரு நிஜமாத் தவிக்கிறாங்கன்னு தேடுறதுக்குள்ள எனக்குத்தான் மூச்சு முட்டுச்சு.

டிராக்டர்காரரைக் கூப்பிட்டு, அடுத்த வருசத்துக்கு இப்ப என்னண்ணே அவசரம்னு கேட்டேன். பதில் சொன்னாரு பாருங்க: "அவசரமில்லைன்னு போட்டா நீங்களும் அவசரமில்லாமத்தான பாப்பீங்க?"

மாத்த மாத்த மாத்துறாரு

அய்யலூர்ப் பக்கத்துலயிருந்து சின்னசாமின்னு ஒரு விவசாயி. துவண்டு நிக்கிற தக்காளிச் செடியைப் படம் எடுத்துப் போட்டிருந்தாரு. டேக் தக்காளி. தக்காளிக்குப் பதில் சொல்றது கவிதா, விவசாயம் படிச்ச பொண்ணு. படத்தை மட்டும் பாத்துட்டு, சாறு உறிஞ்சுற பூச்சியா இருக்கும், மருந்து அடிங்கன்னு எழுதிருச்சு. படத்துக்குக் கீழ அவரு எழுதியிருந்ததை நான்தான் படிச்சேன். ஸ்டார்ட்டரை அமுக்கினா மோட்டார் உர்ருங்குது, தண்ணி வரலை, டக்குன்னு நின்னு போகுது. உள்ளூர் மெக்கானிக் மோட்டாரைப் போர்லயிருந்து மேல தூக்கணுங்கறாரு, அதுக்கு ஆளு வர நாளாகுமாம். செடி நிறையப் பிஞ்சு. இன்னும் ரெண்டு மூணு நாள் தண்ணி பாயலைன்னா அம்புட்டும் கருகிரும். கடன் வாங்கி வச்ச வெள்ளாமைன்னு கடைசியில ஒரு வரி.

பதறிப்போயி டேக்கை மோட்டாருக்கு மாத்தினேன். டீ குடிச்சிட்டு வந்து பாத்தா மறுபடியும் தக்காளி! மாத்தினேன். திரும்பவும் தக்காளி. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. அட கூறுகெட்ட மனுசா, ஒன் செடியைக் காப்பாத்தத்தானய்யா மாத்துறேன்னு கம்ப்யூட்டரைப் பாத்துக் கத்திட்டேன். பக்கத்து சீட்டு ஜாபர் சிரிச்சுக்கிட்டே சொல்றான்: "அக்கா, இது டேக் மாதிரி தெரியலை, வரப்புக் கல்லை ராவோட ராவா நகட்டுற கேஸ் மாதிரி இருக்கு."

அந்த டேக்ல யாரு இருக்கா

மூணாவது தடவை மாத்திட்டு, அவரு கைவைக்கிறதுக்கு முன்னால போன் போட்டேன். "அண்ணே, மோட்டார் கேள்வியைத் தக்காளியில போட்டா எப்படிண்ணே தண்ணி வரும்?" "பாப்பா, அந்த மோட்டார் டேக்ல பதில் சொல்றது யாருன்னு பேரு போட்டிருக்கே, பாத்தியா?"ன்னாரு. முத்துராசு, திண்டுக்கல்ல மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை வச்சிருக்காருன்னேன். "அவன் என் மச்சினன்"னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

ரெண்டு வருசமாப் பேச்சுவார்த்தை இல்லையாம். சின்னசாமி பையனுக்கு அப்பக் காதுகுத்து. தாய்மாமன் மடியிலதான உக்கார வைக்கணும்? முத்துராசு வரவே இல்லை. நேரம் போகுதுன்னு சின்னசாமி, ஒண்ணுவிட்ட மச்சினன் ஒருத்தர் மடியில பிள்ளையை உக்கார வச்சிட்டாரு. முத்துராசு சீர்த்தட்டோட வந்து எறங்குறப்பக் காது குத்தி முடிஞ்சிருச்சு. தட்டை வாசல்லயே வச்சிட்டு, சாப்பாட்டுல கை நனைக்காமப் போயிட்டாராம். "அண்ணே, பிஞ்சு கருகுதுண்ணே, ஒரு வார்த்தை கேட்டுருங்கண்ணே"ன்னு கெஞ்சினேன். மனுசன் விடலை: "கருகினாக் கருகட்டும் தாயி. சபையில பொண்டாட்டிக்கு முன்னால மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனவன்கிட்டப் போயி மோட்டார் ஓடலைன்னு நிப்பனா நான்?"

யாருக்கோ சொல்றேன்

போனை வச்ச கையோட சின்னசாமி டேக்கை மறுபடியும் தக்காளிக்கே மாத்திட்டாரு. சரி, அந்தப் பக்கமாவது எறங்கி வருவாங்களான்னு முத்துராசுக்குப் போன் போட்டேன். நான் டேக்கை மாத்த மாத்த அவரு போன்ல அந்தக் கேள்வி வந்து வந்து மறைஞ்சிருக்கு. எல்லாம் பாத்திருக்காரு. "எங்கிட்டக் கேக்கலையேம்மா. கேக்காத ஆளுக்கு நான் எப்படிப் பதில் போட?"ன்னாரு. அப்புறம் அவரு பாட்டுல கொட்டுறாரு. அன்னிக்கு வர்ற வழியில ஒருத்தர் தோட்டத்துல மோட்டார் நின்னு போயி, வெங்காயம் காயுதுன்னு கையப் புடிச்சுக்கிட்டாராம். அதை ஓட்டி விட்டுட்டு வர்றதுக்குள்ள நேரமாயிருச்சு. "என் அக்கா மகனை இன்னொருத்தன் மடியில பாத்தேம்மா. எனக்கு எப்படி இருக்கும்?" எனக்கும் ஒரு மாதிரி ஆயிருச்சு, ஆனா செடிக்குத் தண்ணி வேணுமே. அதுக்கென்னண்ணே செய்யறதுன்னேன்.

பெருமூச்சு விட்டாரு. "பொதுவாச் சொல்றேன். யாருக்கோ. உர்ருன்னா மூணு பேஸ் கரண்டுல ஒரு பேஸ் வரலை. மோட்டாரைத் தூக்க வேணாம். ஸ்டார்ட்டருக்குள்ள காண்டாக்ட் கருகியிருக்கும், அதை மாத்தச் சொல்லு. சும்மாச் சும்மா அமுக்கினாக் காயில் எரிஞ்சுரும்." நான் அதை சின்னசாமிக்குச் சொன்னேன். "அப்படிச் சொன்னவர் யாரோ, எந்தக் காண்டாக்ட்னு கேளு"ன்னாரு அவரு. கேட்டேன். "கேட்டவர் யாரோ, மூணையும் மாத்தச் சொல்லு"ன்னாரு இவரு. ரெண்டு பேருக்கும் நடுவுல என் போன் சூடேறிப்போச்சு. சாயங்காலம் சின்னசாமி கூப்பிட்டாரு, பின்னால தண்ணி கொட்டுற சத்தம். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அந்த மனுசன் சந்தோசத்துலயும் பிடியை விடலை: "சொன்னவர் யாரோ, அவர்கிட்டச் சொல்லிரு பாப்பா, கடைமடை வரைக்கும் பாஞ்சிருச்சுன்னு." நானும் விடலை, காதுகுத்துக்கு அன்னிக்கு மச்சினன் ஏன் நேரமாகி வந்தாருங்கிற வெங்காயத் தோட்டத்துக் கதையைச் சொல்லிட்டுத்தான் போனை வச்சேன்.

தானா மாறின டேக்

மறுநாள் காலையில வந்து பாத்தா அந்தக் கேள்வியோட டேக் மோட்டார்னு மாறியிருக்கு. நான் தொடலை, ஜாபரும் தொடலை. அடியில சின்னசாமி பேர்ல புதுசா நாலு வரி: "தம்பி முத்து, நான் அக்கா எழுதுறேன். மாமா போனு. செடியெல்லாம் நிமிந்திருச்சுடா. அன்னிக்கு நீ யாரு மோட்டாருக்காக நின்னன்னு நேத்துத்தான் அந்தப் பொண்ணு சொல்லித் தெரியும். மாமா வெளிய கறி வாங்கப் போயிருக்காரு, யாருக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு. பிள்ளை மாமன் எங்கங்கிறான். வந்துரு." முத்துராசு அதுக்குக் கீழ ஒரே வார்த்தை போட்டிருந்தாரு: "வாரேன்."

இம்புட்டும் ஊரே பாக்குற ஆப்புல. கீழ இருபது பேரு, எங்களுக்கும் இலை உண்டான்னு கேட்டுத் தொங்குறாங்க. ரபீக் பாய் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு ரெண்டு தரம் படிச்சாரு. கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு, ஆனா முதலாளியில்லையா: "ஏம்மா, இது விருந்துக்குக் கூப்பிடறதுல்ல? இதுக்கு எதுக்கு மோட்டார் டேக், மாத்திரு."

நான் இந்த வேலைக்கு வந்த நாள்லயிருந்து ஒரு ஆளு தானாவே சரியான டேக் போட்டது இது ஒண்ணுதான், அதுல போயி கைவைக்க எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?