இரண்டு வசனம் தள்ளி

எங்கள் சபையில் வருடப்பிறப்பு ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டு சுற்றி வரும். அதில் சின்னச் சின்ன அட்டைகள் குப்புறக் கிடக்கும். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து ஒரு வசனம் அச்சடித்திருக்கும். அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்குத் தரும் வாக்குத்தத்தம் அது என்று எடுத்துக்கொள்வோம். கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பல சபைகளில் இந்தப் பழக்கம் உண்டு. என் கையில் வருவது பெரும்பாலும் பொறுமையைப் பற்றிய வசனமாகத்தான் இருக்கும். என் மனைவி அதை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆண்டவருக்கு ஆள் அடையாளம் நல்லாத் தெரியுது" என்பாள்.

அந்த வருடம் அவள் எடுத்த அட்டையில், ஆண்டவர் ஒருவருடைய ஜெபத்தைக் கேட்டதாகவும், கண்ணீரைக் கண்டதாகவும், குணமாக்கப் போவதாகவும் இருந்தது. அவளுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. போதாததற்கு, செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையைக் கடந்து வரும்போது ஒரு தேயிலைக் கட்டை குத்தி, வலது காலின் சுண்டுவிரல் ஓரத்தில் புண் ஒன்று ஆறாமல் கிடந்தது. அட்டையை வாசித்தவள் கோயிலிலேயே அழுதுவிட்டாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எங்கள் போதகர் பல தோட்டத்துச் சபைகளைப் பார்க்கிறவர். எங்கள் பக்கம் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். அந்த இடைவெளியில் டவுனிலிருந்து ஓர் ஊழியக்காரர் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்து வீட்டு ஜெபக்கூட்டம் நடத்தத் தொடங்கினார். நல்ல குரல். நோயாளிகளின் வீட்டுக்குத் தேடிப் போய் ஜெபம் செய்வார், கொடுத்த தேத்தண்ணியை முகம் சுளிக்காமல் குடிப்பார். எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. என் மனைவி அவரிடம் அட்டையைக் காட்டியிருக்கிறாள். குணமாக்குவேன் என்று ஆண்டவரே சொன்ன பிறகு மாத்திரை போடுவது அவரைச் சந்தேகப்படுவதுபோல என்று அவர் சொல்லியிருக்கிறார்.

அவ்வளவுதான். மாத்திரையை நிறுத்திவிட்டாள். கிளினிக் நாள் வந்தபோது, "இனிமே அங்க எனக்கு வேல இல்லீங்க" என்றாள்.

நான் கந்தப்பளை பஜாரில் ஆட்டோ ஓட்டுகிறவன். என் கோபம் ஸ்டாண்டில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் ஒரு மூச்சு கத்தித் தீர்த்தேன். சுவரை ஒட்டிய அடுத்த வீட்டுக் காம்பராவில் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவள் அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள். நான் ஓய்ந்த பிறகு, "சத்தம் போட்டா அது வசனம் ஆகுமா? வேதத்துல இருந்து காட்டுங்க, கேக்குறேன்" என்றாள்.

பிள்ளைகள் இருவரும் கொழும்பில் வேலை செய்கிறார்கள். வீட்டில் எனக்கு அவளும் அவளுக்கு நானும்தான். அவள் கால் எனக்குப் பெரிது. அதனால் வேதத்தை ஆட்டோவில் வைத்துக்கொண்டு, ஹயருக்கு ஆள் வராத நேரமெல்லாம் புரட்டினேன். பக்கத்து ஆட்டோக்காரர் கண்ணாடியில் முருகன் படம் ஒட்டியிருப்பவர். "என்ன அண்ணே, சாமியார் பரீட்சையா?" என்று கேட்டார். சிரிக்கிற நிலையில் நான் இல்லை.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. அப்போஸ்தலர் ஒருவர், அடிக்கடி வயிற்றுக்கு முடியாமல் போகும் இளைஞன் ஒருவனுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். இதைவிட என்ன வேண்டும்? வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கே வந்து வாசித்துக் காட்டினேன்.

"அப்ப நாளைக்குச் சாராயம் வாங்கிட்டு வரப் போறீங்களா?" என்றாள்.

பிறகு அவள் ஒரு வசனம் சொன்னாள், நான் ஒன்று சொன்னேன். ஆளுக்கொரு கல்லைப் பொறுக்கி எறிவதுபோல எறிந்துகொண்டோம். புண்ணின் ஓரம் கறுக்கத் தொடங்கியிருந்தது. வாடையும் வந்தது. அதை அவள் மஞ்சள் பூசி மறைத்தாள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. போதகருக்குப் போன் எடுத்து, அவள் வாயை அடைக்கிற மாதிரி பலமான வசனம் ஒன்று தாருங்கள் என்று கேட்டேன். அவர் தரவில்லை.

"வசனத்த வச்சுச் சண்ட போடாதீங்க. அவங்க எடுத்த வசனம் வேதத்துல எங்க இருக்குன்னு ரெண்டு பேரும் ஒக்காந்து பாருங்க. அதுக்கு முன்னாடியும் வாசிங்க, பின்னாடியும் வாசிங்க. அடுத்த தடவ நான் வரும்போது பேசுவோம்."

நான் மருந்து கேட்டேன், அவர் வீட்டுப்பாடம் கொடுக்கிறார் என்று எரிச்சலாக இருந்தது. வேறு வழியும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அவள் காலைப் பலகையில் தூக்கி வைத்திருந்தாள். அட்டையின் அடியில் போட்டிருந்த புத்தகத்தின் பெயரையும் அதிகாரத்தையும் பார்த்து வேதத்தைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். "நீயே வாசி. நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றேன். சபையில் வேதபாடம் வாசிக்கிறவள் அவள்தான். நிறுத்தி, நிதானமாக வாசிப்பாள்.

அது ஒரு ராஜாவின் கதை. சாகக் கிடக்கிறார். தீர்க்கதரிசி வந்து, பிழைக்க மாட்டீர், வீட்டுக் காரியங்களை ஒழுங்கு செய்யும் என்கிறார். ராஜா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறார். அந்த இடத்தில் அவள் குரல் தடுமாறியது. வெளியே போய்க்கொண்டிருந்த தீர்க்கதரிசியை ஆண்டவர் திரும்ப அனுப்புகிறார். அடுத்து அவளுடைய வசனம். அதை அவள் பார்க்காமலே சொன்னாள். முகம் விளக்குப் போட்டதுபோல ஆனது. புத்தகத்தை மூடப் போனாள்.

"பின்னாடியும் வாசிக்கச் சொன்னாரு" என்றேன். சத்தியமாக, அடுத்து என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது.

இரண்டு வசனம் தள்ளி, அத்திப்பழ அடை ஒன்றைக் கொண்டுவரும்படி அதே தீர்க்கதரிசி சொல்கிறார். கொண்டுவருகிறார்கள். ராஜாவின் உடம்பிலிருந்த பிளவைக் கட்டிமேல் பற்றுப் போடுகிறார்கள். அவர் பிழைக்கிறார்.

அவள் நிறுத்தினாள். மறுபடி வாய்க்குள் வாசித்தாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததில்லை.

"கொணமாக்குறேன்னு சொல்லியாச்சு. அப்பறமும் பத்துப் போடச் சொல்றாரே" என்றாள், என்னிடம் இல்லை, புத்தகத்திடம். என் பக்கம் திரும்பி, "வாக்குச் சொன்ன அதே ஆளுதான் மருந்தும் சொல்றாருங்க. அட்டையில எடம் பத்தலயாக்கும், இத விட்டுட்டாங்க" என்றாள். பிறகு காலைப் பலகையிலிருந்து இறக்கி, துணியை அவிழ்த்து, முதன்முறையாக அவளாகவே என்னிடம் புண்ணைக் காட்டினாள்.

மழையோடு நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வாட்டில் இருந்த தாதி சிங்களத்தில் எங்கள் இருவரையும் திட்டித் தீர்த்தார். அந்தத் திட்டு எங்களுக்கு வேண்டியதுதான் என்று தோன்றியது. காலைக் காப்பாற்றிவிட்டார்கள். சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. அதை எடுக்கக் கூட்டிப்போனபோது நான் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் ஊழியக்காரர் பார்க்க வந்தார். வாசலில் அவரைக் கண்டதும் எனக்குக் கை துறுதுறுத்தது. அவள் கண்ணாலேயே என்னை உட்கார வைத்தாள். அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னாள், கொடுத்தேன். பிறகு அந்த அதிகாரத்தை எடுத்து அவர் கையில் வைத்து, "ஐயா, இதக் கடைசி வர வாசிங்க" என்றாள். அவர் வாசித்தார். அத்திப்பழத்துக்கு வந்ததும் அவர் குரல் இறங்கியது. தலையை ஆட்டினார், ஜெபம் செய்யாமலே எழுந்து போனார். "பாவம், அவருக்கும் யாரோ வசனத்தத் துண்டு துண்டாத்தான் குடுத்திருக்காங்க" என்றாள். எனக்கு அவ்வளவு பெரிய மனது இல்லை. பாவம் என்று நினைக்க எனக்கு நாளானது.

இப்போது லயத்தில் யார் எந்த வசனத்தைச் சொன்னாலும், "முன்னாடி என்ன, பின்னாடி என்ன?" என்று கேட்கிறாள். முன்னாடி பின்னாடி அக்கா என்று பெண்கள் அவளுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ஆனாலும் புதன்கிழமைகளில் எங்கள் காம்பராவுக்கு வருகிறார்கள். ஒரே அதிகாரத்தை ஆளுக்குக் கொஞ்சமாக முழுவதும் வாசிக்கிறார்கள். விளங்காததைப் போதகர் வரும் ஞாயிறுக்கு என்று வைத்துக்கொள்கிறார்கள்.

அவள் கால் ஆறும்வரை மருந்து கட்டும் வேலை என்னுடையது. முதல் நாள் ஒட்டும் டேப்பை என் விரலிலேயே சுற்றிக்கொண்டேன், அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு கை பழகியது. நான் கட்டுவேன், அவள் மாத்திரையை விழுங்கிவிட்டு வேதம் வாசிப்பாள்.

ஒரு சாயந்திரம் வாசிப்பை நிறுத்திவிட்டு, "அந்த ராஜாவுக்குப் பத்துப் போட்டது யாருன்னு பேரு போடல பாருங்க" என்றாள்.

"அரமன வைத்தியரா இருக்கும்" என்றேன்.

"வீட்டு ஆளாவும் இருக்கலாம்."

குனிந்திருந்த என் தலையில் கையை வைத்தாள். எனக்கு ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஜெபம் செய்தாள். "ஆண்டவரே, என் கண்ணீரப் பாத்தீங்க. அதுக்குத்தான் இந்த மனுசனக் குடுத்திருக்கீங்க. எனக்கு வெளங்கத்தான் நேரமாச்சு."

கையிலிருந்த துணி தளர்ந்துபோயிருந்தது. அவிழ்த்து, முதலிலிருந்து சுற்றினேன்.