மாமா அடி வாங்காத படம்

என் மாமாவை அடிக்காத கதாநாயகனே அப்போது கிடையாது. அம்மாவின் தம்பியான அவருக்குக் கிடைத்த வேடங்களெல்லாம் ஒரே மாதிரிதான். எங்கிருந்தோ வருவார், கன்னத்தில் அறை வாங்குவார், சாக்கடையிலோ சாணியிலோ போய் விழுவார். மந்தைவெளியில் என்னோடு படித்த பிள்ளைகள் அந்தக் காட்சிகளைச் செல்போனில் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு அதில் பெருமைதான். ஐந்தாம் வகுப்பில் சினிமாக்காரர் வீட்டுப் பெண் நான் ஒருத்திதானே.

அந்தக் கோடை விடுமுறையில் மயிலாப்பூர் கல்யாண மண்டபம் ஒன்றில் படப்பிடிப்பு. அழைக்காத கல்யாணத்தில் சாப்பிட உட்கார்ந்து மாட்டிக்கொள்ளும் ஆள்தான் மாமா.

“தலையில சாம்பார் வாளியவே கவுத்துவாங்க பாரு” என்று ஆசை காட்டி என்னையும் கூட்டிப்போனார். தோழிகளிடமெல்லாம் நான் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டேன்.

அங்கே இயக்குநர் யாரென்றே முதலில் தெரியவில்லை. கத்துகிறவர்தான் இயக்குநர் என்று நினைத்திருந்தேன். இவரோ பந்தியில் மாமாவுக்குப் பக்கத்து இலையில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“சாம்பார எப்ப சார் ஊத்துவீங்கோ?” என்றார் மாமா.

“ஊத்தப்போறதில்லண்ணே. இந்த மாதிரி கூப்பிடாத கல்யாணத்துக்கு நீங்க போயிருக்கீங்களா?”

மாமா சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. “சின்ன வயசுல ஒருவாட்டி சார். எங்கக்காவுக்கு ஜொரம். வூட்ல துன்றதுக்கு ஒண்ணும் இல்ல…” என்று ஆரம்பித்தவர், நான் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

கேட்டு முடித்த இயக்குநர் எழுந்துபோய், பரிமாறுபவராக நடித்தவரின் காதில் ஏதோ சொன்னார். மாமாவிடம், “மூஞ்சிய ஒண்ணும் பண்ண வேணாம்ணே. பசிக்குது, அவ்வளவுதான்” என்றார்.

காட்சி தொடங்கியது. மாமா எதையும் வாயில் வைக்கவில்லை. இலையில் விழுந்த ஜாங்கிரியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். பாகு சட்டையில் வழிந்து இறங்கியது.

“பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?” என்றார் பரிமாறுபவர்.

“ரெண்டு வூட்டுக்கும் வேண்டியவன்தான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அடுத்து அடி விழும் என்று காத்திருந்தேன். மாமாவும் அதையே எதிர்பார்த்தார் போல. கன்னத்தைக் கையால் மறைத்தபடி எழுந்தார். பரிமாறுபவர் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். இலையில் இன்னொரு ஜாங்கிரியை வைத்து, “பையில இருக்கறது யாருக்கோ, இருக்கட்டும். இது உங்களுக்கு” என்றார். மாமா அதைப் பிட்டு வாயில் போட்டார். அவரால் மெல்ல முடியவில்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வசனத்தை மறந்துவிட்டாரோ? சரியாக நடிக்கவில்லை என்று அடிக்காமலே விட்டுவிட்டார்களோ? திரும்பி வரும்போது ஆட்டோவில், “அடுத்த படத்துல கண்டிப்பா அடிப்பாங்க மாமா” என்று ஆறுதல் சொன்னேன்.

படம் வந்ததும் அம்மா, மாமா, நான் மூவரும் பார்க்கப் போனோம். சிரிப்புக்கு நடுவில் நெஞ்சை அடைக்க வைப்பதுதான் அந்த இயக்குநரின் வழக்கம் என்று இன்றைக்கு என்னால் விவரமாகச் சொல்ல முடியும். அன்று, சிரித்துக்கொண்டிருந்த தியேட்டர் திடீரென்று அடங்கியபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அம்மா எழுந்து விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

“கோவமாக்கா?” என்றார் மாமா.

“அன்னிக்கு வயிறு முட்ட துன்னுட்டுதான் எனக்கு எடுத்தாந்தேன்னு சொன்ன.”

மாமா சட்டைப் பையைத் தடவினார்.

“அந்தாளு உன்ன இப்டித்தான் குந்த வெச்சானா?”

“இல்லக்கா. அறைஞ்சு வெளிய தள்ளினான். டைரக்டர்தான் மாத்திட்டாரு.”

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நல்லா மாத்திக்கீறாரு” என்றாள்.

நன்றாக இருக்கிற படத்தை விட்டு எதற்குப் பாதியில் வந்தோம் என்று கேட்டேன். சாலையைக் கடக்கும்போது அம்மா எப்போதும் என் கையைத்தான் பிடிப்பாள். அன்று மாமாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கடந்தாள். மீசை வைத்த ஆளைப் போய் எதற்குக் கைபிடித்துக் கூட்டிப்போகிறாள் என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.