கடலில் குருவி விரட்டினேன்

பரளச்சியில் எங்களுக்குக் கம்புக் காடு. போன மாசியில், தூத்துக்குடியில் படகு வைத்திருக்கும் என் கணவரின் சிநேகிதர் எங்களைக் கடலுக்குக் கூட்டிப்போனார்.

கரை மறைந்த இடத்தில் நூற்றுக்கணக்கான வெள்ளைப் பறவைகள் தண்ணீரில் விழுந்து விழுந்து எழுந்தன. காட்டில் குருவி விரட்டிய பழக்கம் விடுமா! எழுந்து நின்று கைதட்டிக் கத்திவிட்டேன். படகு சாய்ந்தது. விழப்போன என்னைக் கணவர்தான் இழுத்து உட்காரவைத்தார்.

"வெரட்டாதீய மைனி! ஆலா விழுற இடத்துலதான் மீனு கெடக்கும்" என்றார் சிநேகிதர்.

அவர் வாய் மூடுமுன், பறவைகளுக்கு நடுவே ஐந்தாறு டால்பின்கள் துள்ளின. மழையில் நனைந்த எருமை முதுகு போல அப்படியொரு மினுமினுப்பு! பயம் போன இடம் தெரியவில்லை.

இப்போதும் குருவி விரட்டுகிறேன். ஆனால், அவை எங்கே இறங்குகின்றன என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். அந்த மூலையில்தான் கதிர் முந்தி முற்றியிருக்கிறது. அறுப்பையும் அங்கேதான் தொடங்குகிறேன்.