அத்தை தேய்த்த எண்ணெய்

என் தம்பி பேதி கண்டு அம்மாவின் மடியிலேயே இறந்துபோனான். எனக்கு அப்போது ஏழு வயதிருக்கும். சிங்காநல்லூரில் அப்பா வேலை பார்த்த மில்லுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம்.

அம்மா அழவில்லை. ஆனால் எதற்கெடுத்தாலும் திடுக்கிட்டார். ஒரு சொம்பு உருண்டால்கூட நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கை நடுங்கிக்கொண்டே இருக்கும். எனக்குத் தலை பின்னுகிற வேலையைப் பக்கத்து வீட்டம்மாவிடம் விட்டுவிட்டார். வைத்தியர் கஷாயம் கொடுத்தார். யாரோ மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். எதற்கும் குணம் தெரியவில்லை.

பிறகு பவானியிலிருந்து அப்பாவின் தங்கை, என் அத்தை, வந்து சேர்ந்தார். மத்தியானத்தில் ஜமக்காளத்தை விரித்து, விளக்கெண்ணெயை இளஞ்சூடாக்கி எடுத்துவந்து அம்மாவைக் குப்புறப் படுக்கச் சொன்னார்.

"எனக்கென்ன நோவு? வேண்டாம் அம்மணி."

"சும்மா படுத்து மூச்ச உடுங்க நங்கை. அது போதும்."

அண்ணியான அம்மாவை அத்தை 'நங்கை' என்றுதான் கூப்பிடுவார். பிடரியில் தொடங்கி உள்ளங்கால்வரை அத்தை நிதானமாக அழுத்தித் தேய்த்தார். பலகாரத்துக்கு மாவு பிசைவதுபோல எனக்கு வேடிக்கையாக இருந்தது. முதல் நாள் அம்மாவின் உடம்பு விறைத்தே கிடந்தது. அத்தை விடவில்லை, தினமும் தேய்த்தார். ஒரு நாள் தோள்பட்டையில் கை வைத்ததும் அம்மா குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார்.

"மெதுவாத் தேய்ங்கத்தை, அம்மாவுக்கு வலிக்குது," என்றேன்.

"அழுவட்டும் கண்ணு," என்ற அத்தை கையை எடுக்கவேயில்லை.

அழுது ஓய்ந்து, அம்மா அப்படியே தூங்கிப்போனார். அவர் அசந்து தூங்கிப் பார்த்தே வெகுநாளாகியிருந்தது. அதன் பிறகு நடுக்கம் குறைந்தது; முழுதாகப் போகவில்லை.

ஊருக்குக் கிளம்பும் நாளில் அத்தை என்னைப் பிடித்து உட்காரவைத்து, அம்மாவின் உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றினார்.

"இவளுக்கு நீங்க தேச்சுடுங்க."

"என்ர கை வேண்டாம் அம்மணி. இந்தக் கையிலதான அவன்..."

அத்தை அந்தக் கையை எடுத்து என் முதுகில் வைத்தார். அம்மா தேய்க்கத் தொடங்கினார். முதுகு, தோள், கழுத்து என்று வந்த கை, நெஞ்சுக்கு வந்ததும் அசையாமல் நின்றுவிட்டது.

"கூச்சமா இருக்குதுங்கம்மா," என்று சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. தேய்க்க மறந்துபோனார் என்று நினைத்து, நெளிந்து விடுவித்துக்கொண்டு விளையாட ஓடிவிட்டேன். என் நெஞ்சு துடிக்கிறதா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்த வயதில் எனக்கு எங்கே தெரியும்?